முள்முடிக் கண்ணியும் அதன் அடிக்குறிப்புகளும்

பேராசிரியர் கலைவாணன் தம் வாழ்நாளில் ஒரே ஒரு புத்தகம்தான் போட்டார். அதை எவரும் படிக்கவில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மனைவி கோகிலவாணி தருமபுரி உழவர் சந்தையிலிருந்து தக்காளியோடு ஒரு சின்னப் புத்தகத்தையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதுவரையில் அந்த நம்பிக்கை உறுதியாகத்தான் இருந்தது.

“தக்காளிக்கார ராஜமேரி தராசுக்குப் பக்கத்துல வெச்சிருந்தாங்க. உங்க புஸ்தகம் மாதிரியே இருக்குதேன்னு கேட்டு வாங்கியாந்தேன். வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பித் தரணுமாம்.”

கலைவாணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ‘முள்முடிக் கண்ணி. இயற்றியவர் ஞானமுத்து உபதேசியார்’ என்று அட்டை சொன்னது. அவ்வளவுதான் சொன்னது. பதிப்பாசிரியர் என்று ஒருவர் இருந்ததாக அட்டைக்குத் தெரியவில்லை.

ஞானமுத்து உபதேசியார் கம்பைநல்லூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வாழ்ந்து, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் காலமானவர். இயேசுவின் பாடுகளை இரண்டிரண்டு அடிகளாகப் பாடி வைத்துவிட்டுப் போனார். எப்போதோ ஒருமுறை அச்சான அந்த நூல் தூளாகிப் போயிருந்தது. முருகனைக் கும்பிடுகிற குடும்பத்தில் பிறந்த கலைவாணன், தமிழ் நன்றாக இருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தேடிப் பிடித்து, கரையான் அரித்த கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் மல்லுக்கட்டினார். முன்னுரை எழுதினார், பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு எழுதினார், சொந்தச் செலவில் அச்சடித்தார். மலிவான தாள், ஒரே கோடையில் பழுப்பேறிவிட்டது. விற்காத பிரதிகள் இப்போது பரண்மேல் வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டிக்குள் இருக்கின்றன.

சின்னப் புத்தகத்தைப் புரட்டப் புரட்ட அவருக்கு உடம்பு சூடேறியது. முன்னுரை அவருடையது. நன்றியுரை அவருடையது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்த குறிப்புகள் அத்தனையும் அவருடையவை. ‘இந்நூலின் எப்பகுதியையும் பதிப்பாசிரியரின் அனுமதியின்றி மறுபதிப்புச் செய்தல் கூடாது’ என்ற வாக்கியத்தைக்கூட விடாமல் மறுபதிப்புச் செய்திருந்தார்கள். களவாட வந்தவன் வீட்டுக்காரரின் பெயர்ப்பலகையையும் கழற்றிக்கொண்டு போய்த் தன் வாசலில் மாட்டியதைப் போலிருந்தது அது.

அன்று மாலையே பழைய மாணவியும் இப்போது வழக்கறிஞருமான சுசித்ராவிடம் போனார். அவள் புத்தகத்தை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். எழுதியவர் இறந்து அறுபது ஆண்டு கழிந்துவிட்டால் அவர் எழுத்து எல்லோருக்கும் பொது. ஆகவே கண்ணிகள்மேல் கலைவாணன் உரிமை கொண்டாட முடியாது.

“அது ஊர்க்கெணறு சார். நீங்க தூர் வாரினீங்க. அதுக்காகத் தண்ணி உங்களுதாயிடாது. ஆனா நீங்க மாட்டுன ராட்டினமும் கயிறும் உங்களுது. முன்னுரை, நன்றியுரை, அடிக்குறிப்பு, இதையெல்லாம் எடுத்தது தப்புதான். நோட்டீஸ் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல பேசிப் பாருங்க.”

கலைவாணனுக்கு வேண்டியது நஷ்ட ஈடு இல்லை. அந்த எட்டு ஆண்டுகள் அவருடையவை என்று யாராவது ஒருவர் வாய்திறந்து சொல்ல வேண்டும். அட்டையில் அவர் பெயர் வர வேண்டும். இல்லையென்றால் அவருடைய எழுத்து ஒன்றுகூட அந்தப் புத்தகத்தில் இருக்கக் கூடாது. இதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பைநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கினார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று கோகிலவாணியும் கூட வந்தார். அங்கிருந்து உபதேசியாரின் ஊருக்கு ஷேர் ஆட்டோ. ராஜமேரிக்கும் அதுதான் ஊர்.

தவக்காலம். ஊரின் சின்னக் கோயிலுக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டுப் பாய் விரித்திருந்தார்கள். ஃபாதர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் ஜெபம், பாட்டு எல்லாம் சவுரியப்பன் பொறுப்பு. காலையில் காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கிவிட்டு, குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, பாட்டை அடியடியாக எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். வெளியூர்க்காரர்கள் வந்திருப்பதைப் பார்த்ததும் ஓடிவந்து மோர் கொடுத்தார். கலைவாணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு விஷயமாகப் பேச வேண்டும் என்றார்.

“பாட்டு முடியட்டும் சார், ஒக்காந்து பேசலாம். ஆரம்பிக்கற நேரம் ஆயிருச்சு. ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது, அது எங்க ஊர் நேர்ச்சை.”

பெரிய பஞ்சத்தில் ஊர் பிழைத்தபோது உபதேசியார் வைத்த நேர்ச்சையாம் அது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும், ஒன்றையும் தள்ளாமல் பாடி முடிக்க வேண்டும். ஒரு வருஷம் மழையைச் சாக்கிட்டுப் பாதியில் எழுந்து போனார்கள், ஊரெல்லாம் காய்ச்சல் கண்டது என்று சவுரியப்பன் சொன்னார். மோர் குளிர்ச்சியாக இருந்தது. குடித்து முடிப்பதற்குள் கோபத்தின் முனை கொஞ்சம் மழுங்கிவிட்டதைக் கலைவாணன் கவனிக்கவில்லை. கடவுள் இப்படிச் சின்னச் சின்ன டம்ளர்களில்தான் வேலை செய்கிறார். ஜேக்கப் என்ற இளைஞன் வந்து, மண்டியிட வேண்டியிருக்கும் சார், உங்களுக்கு முட்டி வலிக்கும் என்று ஒரு சாக்கை நாலாக மடித்து அவர் முன்னால் போட்டுவிட்டுப் போனான். கோகிலவாணி பெண்கள் பக்கம் ராஜமேரியின் அருகில் உட்கார்ந்தார்.

சவுரியப்பன் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கணீரென்று தொடங்கினார். நூலின் பெயரைப் பாடினார், ஊர் திருப்பிப் பாடியது. உபதேசியார் பெயரைப் பாடினார், ஊர் திருப்பிப் பாடியது. பக்கத்தைத் திருப்பினார்.

“இந்நூலின் எப்பகுதியையும்…” என்று இழுத்தார்.

“எப்பகுதியையும்…” என்றது ஊர்.

“அனுமதியின்றி மறுபதிப்புச் செய்தல் கூடாது…”

“கூடாதே… கூடாதே…” என்று சிறுமிகள் மட்டும் தனியாக மேல்ஸ்தாயியில் எடுத்தார்கள். கேட்பதற்கு அத்தனை உருக்கமாக இருந்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் மார்பில் அறைந்துகொண்டார்.

கலைவாணனுக்கு ஒன்றும் ஓடவில்லை. தன்னைக் கேலி செய்கிறார்களோ என்று முகங்களைப் பார்த்தார். ஒரு முகத்திலும் கேலி இல்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் என்றால் அச்சில் இருக்கிற எல்லா எழுத்தும்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்து அவருடைய முனைவர் பட்டம் ராகத்தோடு வந்தது. அதற்கடுத்து முன்னுரை வந்தது. அதைப் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே ஒரு மாதிரி ஒப்பித்தார்கள். ஆய்வு நெறிமுறைகள் பற்றிய பத்தியில் சிலருக்குக் கண்ணைச் சொக்கியது உண்மை. ஆனால் எவரும் எழுந்து போகவில்லை. சக பேராசிரியர்கள்கூட அந்தப் பத்தியை இவ்வளவு தூரம் தாங்கியதில்லை.

நன்றியுரையில், “உடல்நலம் குன்றிய நாட்களிலும் என் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொண்ட துணைவி கோகிலவாணிக்கு, இந்நூலில் பாதி உரியது” என்ற இடம் வந்தபோது, பெண்கள் எல்லோரும் தலைமேல் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, “கோகிலவாணிக்குப் பாதி உரியதே” என்று மும்முறை பாடினார்கள். கலைவாணன் பெண்கள் பக்கம் திரும்பத் துணியவில்லை. திரும்பியபோது கோகிலவாணி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகத்தை அவர் ஒருநாளும் திறந்து பார்த்தவரில்லை.

பிறகு கண்ணிகள். பக்கத்தின் கடைசி அடி வந்ததும், வாக்கியம் முடிந்திருக்கிறதோ இல்லையோ, நேரே அடிக்குறிப்புக்குள் இறங்கினார்கள். சிலுவை சுமந்து ஆண்டவர் தடுமாறி விழப்போகும் இடத்தில் பக்கம் முடிந்தது. உடனே “இச்சொல் வடமொழியிலிருந்து வந்தது என்பர் சிலர், ஏற்கத்தக்கதன்று” என்று நிதானமாகப் பாடிவிட்டு, பக்கத்தைத் திருப்பி ஆண்டவரைக் கீழே விழ வைத்தார்கள்.

பன்னிரண்டாம் பக்கம் வந்தது. அதன் அடியில், ‘கண்டகம் என்ற சொல்லுக்குப் பக்கம் இருபதில் உள்ள குறிப்பைக் காண்க’ என்றிருந்தது. ஊர் முழுதும் சரசரவென்று இருபதாம் பக்கத்துக்குப் போய், மண்டியிட்டு அந்தப் பக்கத்தைப் பாடியது. இருபதாம் பக்கத்தின் அடியில், ‘கண்டகம்: முன்பே விளக்கப்பட்டது, பக்கம் பன்னிரண்டு காண்க’ என்றிருந்தது. ஊர் எழுந்து பன்னிரண்டுக்குத் திரும்பியது. கலைவாணனுக்கு வியர்த்தது. எட்டு ஆண்டு உழைப்பில் அந்தச் சொல்லுக்கு இரண்டு இடத்திலும் அவர் பொருள் எழுதவேயில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. பன்னிரண்டிலிருந்து மறுபடியும் இருபது. மண்டி. மறுபடியும் பன்னிரண்டு. பக்கத்திலிருந்த பெரியவரிடம் இது எப்போது நிற்கும் என்று மெல்லக் கேட்டார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று சுற்று, முதல் வருஷம் கணக்குத் தெரியாமல் இருட்டும்வரை சுற்றினோம் என்று அவர் மூச்சு வாங்கச் சொன்னார்.

மூன்றாம் சுற்றில் அந்தப் பெரியவர் எழ முடியாமல் தரையில் கையூன்றியதைப் பார்த்ததும் கலைவாணனுக்குப் பொறுக்கவில்லை. அவர் எழுந்து நின்று, போதும், நிறுத்துங்கள் என்றார்.

பாட்டு நின்றது. மழைக்கு நின்ற அந்த ஒரு வருஷத்தைத் தவிர நேர்ச்சை நடுவில் நின்றதே இல்லை.

“நான்தான் கலைவாணன். இந்தக் குறிப்பெல்லாம் எழுதுனவன். என்னைக் கேக்காம என் எழுத்த அச்சடிச்சிருக்கறீங்க.”

சவுரியப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “கலைவாணன் செத்துட்டாருங்களே.”

நடந்தது என்னவென்று ஜேக்கப்தான் விளக்கினான். பழைய புத்தகங்கள் எல்லாம் கிழிந்து போனபின், மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் பழைய பேப்பர் கடையில் இந்தப் பழுப்புப் புத்தகம் அவனுக்குக் கிடைத்தது. சில வருஷம் நகலெடுத்துப் பாடினார்கள். நாலு வருஷத்துக்கு முன் அச்சடிக்கலாம் என்று வந்தபோது, சேலத்தில் சட்டம் படிக்கிற சவுரியப்பன் மகள் ஸ்டெஃபிக்கு போன் போட்டுக் கேட்டார்கள். ஆள் செத்து அறுபது வருஷம் ஆகியிருந்தால் தப்பில்லை என்றாள் அவள். புத்தகத்தில் இருக்கிறவர்கள் செத்து அறுபது வருஷம் ஆகிவிட்டதா என்று சவுரியப்பன் கேட்க, உபதேசியாரை மனசில் வைத்துக்கொண்டு, அது எப்பவோ ஆயிருச்சேப்பா என்று அவள் சொல்லிவிட்டாள். ஆகவே புத்தகத்தில் பெயர் கண்ட எல்லோரும் காலமாகி அறுபது ஆண்டு ஆனது முடிவாயிற்று. இறந்தவர்களை அப்படியே விட்டுவிட இந்த ஊருக்கு மனம் வரவில்லை. கல்லறைத் திருநாளன்று உபதேசியாருக்கு ஒன்று, கலைவாணனுக்கு ஒன்று, கோகிலவாணிக்கு ஒன்று என்று மெழுகுவத்தி ஏற்றி, ஆன்ம சாந்திக்கு ஜெபம் செய்து வருகிறார்கள்.

ஜேக்கப் கூச்சத்தோடு, ஆதார் இருந்தால் காட்டுங்கள் சார், ஊருக்கு ஒரு நிச்சயம் வேண்டும் என்றான். கலைவாணன் காட்டினார். அட்டை கைமாறிக் கைமாறிக் கொட்டகை முழுதும் போய்வந்தது. ராஜமேரி மட்டும் அட்டையைப் பார்க்காமல் பக்கத்திலிருந்த பெண்மணியைப் பார்த்து, “அப்ப நீங்கதான் அந்தக் கோகிலவாணிங்களாக்கா? இத்தனை நாள் உங்களுக்குத்தான் தக்காளி நிறுத்துப் போட்டேனா?” என்றார். முன்வரிசைக் கிழவருக்கு வேறு கவலை. இவர்கள் உயிரோடிருந்தால் இத்தனை வருஷம் செய்த ஜெபம் என்னாவது என்றார்.

“வீணாப் போவாது” என்றார் சவுரியப்பன். “அவுங்க போறப்ப முன்கூட்டியே கட்டுனதா நிக்கும்.”

எல்லோரும் அதை ஒத்துக்கொண்டார்கள்.

கலைவாணன் சுசித்ரா சொன்னதையே சொன்னார். கண்ணி உங்கள் ஊர்ச் சொத்து, என் குறிப்புகள் மட்டும் என்னுடையவை என்றார். சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். சவுரியப்பனோ தலையைக் குனிந்துகொண்டு, தெரியாமல் எடுத்துவிட்டோம், ஆண்டவர் பாடுபட்டதைப் பாடும் வாயில் அடுத்தவர் பொருள் இருக்கக் கூடாது, உங்களுடையதை எல்லாம் கோடு போட்டு அடித்துக் கொடுத்துவிடுங்கள், மீதியைப் பாடி இன்று நேர்ச்சையை முடிக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்று பென்சிலை நீட்டினார்.

கலைவாணன் வந்தது அதற்குத்தான். பென்சிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஊர் அவரைச் சுற்றி உட்கார்ந்தது. அவர் ஒரு குறிப்பை அடிக்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் மெல்ல உச்சுக்கொட்டினார். மறுபதிப்புச் செய்தல் கூடாது என்பதை அடித்தபோது சிறுமிகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வடமொழிக் குறிப்பை அடித்தபோது ஒரு வாலிபன், அது என் பங்கு, நான்தான் தனியாகப் பாடுவேன் என்று சொல்லிவிட்டு, பரவாயில்லைங்க என்றும் சேர்த்துக்கொண்டான். நன்றியுரைக்கு மேல் பென்சில் வந்தபோது கோகிலவாணி கேட்டார்:

“இதை எங்கிட்ட ஏன் ஒருநாளும் சொல்லல?”

“அச்சுல போட்டிருந்தேனே.”

“அச்சுல போட்டா சொன்னதா?”

கலைவாணன் அந்தப் பக்கத்தை அடிக்காமல் தள்ளிக்கொண்டு மேலே போனார்.

ஆண்டவரின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்குகிற பக்கம் வந்தது. ‘மண்ணில் இறக்கி மடியிலே சாய்த்தபின்பு, அன்னை திருவாய் அசைந்துரைத்த சொல்லென்ன’ என்பதோடு கண்ணி அறுந்திருந்தது. மாதா என்ன சொன்னாள் என்ற அடியைக் கரையான் தின்றுவிட்டது. ஊரின் பழைய புத்தகங்களிலும் அந்தத் தாள்தான் முதலில் உதிர்ந்திருந்தது, எவருக்கும் அந்த அடி நினைவில்லை. அந்த இடத்தில் இரண்டு அடியைச் சொந்தமாகக் கட்டி ஒட்டிவிடும்படி அக்காலத்தில் நண்பர்கள் யோசனை சொன்னார்கள். யாருக்குத் தெரியப் போகிறது என்றார்கள். கலைவாணன் மறுத்துவிட்டு, பக்கத்தின் அடியில் உள்ளதை உள்ளபடியே எழுதினார்: ‘இவ்விடத்தில் மூலம் சிதைந்துள்ளது. எவ்வளவு முயன்றும் பொருள் விளங்கவில்லை.’

அவர் பென்சிலை வைத்ததும் ராஜமேரி எழுந்து முன்னால் வந்தார்.

“சார், மத்ததெல்லாம் எடுத்துக்குங்க. இத மட்டும் விட்டுருங்க. கிருஷ்ணகிரி ரோட்டுல என் பையன் வண்டியில அடிபட்டுப் போனப்ப, வூட்டுக்கு வந்தவங்க எல்லாம் ஏதோ ஒண்ணு சொன்னாங்க. ஆண்டவர் சித்தம்னாங்க. நல்லவங்களச் சீக்கிரம் கூப்புட்டுக்குவாருன்னாங்க. எனக்கு ஒண்ணும் புடிபடல. இந்த எடத்துலதான் எவ்வளவு முயன்றும் பொருள் விளங்கவில்லைன்னு போட்டிருக்குது. மாதாவே அப்படித்தான் சொல்லியிருக்காங்க போலன்னு நெனச்சுக்குவேன். அதைப் பாடுன அன்னைக்கு நல்லாத் தூங்குவேன்.”

மாதா சொன்னதல்ல அது, கரையானைப் பற்றி ஒரு தமிழ் வாத்தியார் எழுதியது என்பது கலைவாணனின் நாக்கு நுனிவரை வந்தது. சட்டப்படி பார்த்தாலும், அந்தப் புத்தகத்தில் சந்தேகமே இல்லாமல் அவருடையது என்று சொல்லத்தக்க வரி அதுதான். எவர் பதிப்பிலும் இல்லாதது, எவரிடமும் கடன் வாங்காதது. அவர் அந்த வரியை மறுபடி படித்தார். எட்டு ஆண்டுகளில் தாம் எழுதியதெல்லாம் தெரிந்ததைத்தான். தெரியவில்லை என்று எழுதிய ஒரே ஒரு வரியை ஒரு தாய் எடுத்துக்கொண்டுபோய்த் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறாள்.

அவர் பென்சிலால் அந்தக் குறிப்புக்கு மேலிருந்த கோட்டை, பாட்டையும் அடிக்குறிப்பையும் பிரிக்கிற அந்தச் சின்னக் கோட்டை, அடித்தார். குறிப்பிலிருந்து ஒரு அம்புக்குறி போட்டு மேலே கண்ணியோடு சேர்த்தார். பதிப்பாசிரியர்கள் செய்யவே கூடாத காரியம் அது என்று மாணவர்களுக்கு வருஷா வருஷம் பாடம் நடத்தியவர் அவர்.

“இது குறிப்பு இல்லம்மா. இது பாட்டுலயே இருக்கட்டும்” என்றார்.

மற்றவையும் இருக்கட்டும் என்றார் பிறகு. அடித்ததையெல்லாம் அழிரப்பர் கேட்டு வாங்கி அழித்தார். சும்மா வாங்கிக்கொள்ள ஊர் ஒப்பவில்லை. அடுத்த அச்சில் அட்டையில் உங்கள் பெயரைப் போடுகிறோம் என்றார் சவுரியப்பன். அட்டையில் போட்டால் ஒவ்வொரு தடவையும் முதலில் அதைத்தான் பாட வேண்டியிருக்கும் என்றும் எச்சரித்தார். பெயரை மட்டும் போடுங்கள், பட்டத்தை விட்டுவிடுங்கள் என்றார் கலைவாணன். ஏதாவது ஒன்றையாவது நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எங்களுக்கு உறுத்தும் என்று கிழவர் பிடிவாதம் பிடித்தார். கலைவாணன் இருபதாம் பக்கத்துக் குறிப்பை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

“அப்ப சுத்து நின்னுருமே” என்றான் ஜேக்கப், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. முதியவர்கள் பக்கம் ஒரு பெருமூச்சு பரவியது.

“அந்தக் கண்டகம்னா என்னாங்க சார்?” என்று சவுரியப்பன் கேட்டார்.

“முள்.”

“முள்ளுங்களா?” சவுரியப்பன் தம் முழங்காலைத் தடவிக்கொண்டார். “அவ்வளவுதானுங்களா?”

வெயில் தகரக் கூரையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நேர்ச்சை பாதியில் நிற்கக் கூடாது. விட்ட இடத்திலிருந்து தொடங்கிப் பக்கம் பக்கமாகப் போனார்கள். இறக்குகிற பக்கம் வந்ததும், வழக்கமாக எடுத்துக் கொடுக்கும் சவுரியப்பன் ராஜமேரியைப் பார்த்துத் தலையசைத்தார். ராஜமேரி சன்னக் குரலில் எடுத்தார். எவ்வளவு முயன்றும் பொருள் விளங்கவில்லை. ஊர் திருப்பிப் பாடியது. மடித்த சாக்கின்மேல் மண்டியிட்டிருந்த கலைவாணனும் திருப்பிப் பாடினார். சுருதி சேரவில்லை, பக்கத்திலிருந்த பெரியவர் இன்னும் மெதுவாகப் பாடச் சொல்லித் தொடையில் தட்டினார். அவர் மெதுவாகப் பாடினார்.

அடுத்த பக்கத்தில் அவருடைய குறிப்பு எதுவும் இல்லை. ஆண்டவரைக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள்.